கையைக் கட்டிக்கொண்டு பார்த்த படம்

போடிமெட்டு ஏறுகிற ஜீப்பில் நான் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. இதை வெறும் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒரு தகுதி. கல்யாணத்துக்கு முன்பு நானும் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனவள்தான். விடிவதற்குள் ஆள் மேல் ஆளாக ஜீப்பில் அடைத்து அனுப்புவார்கள். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் யாராவது ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்துவாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி பொத்துவாள். நான் மட்டும் பின்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றபடி, உப்பு மிளகாய் தடவிய கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு போவேன். வாந்தி எடுக்கிறவர்களைக் கேலி பேசுவதில் எனக்கு நிகர் யாரும் கிடையாது.

அப்படிப்பட்டவள், அறுபதை எட்டிப் பார்க்கிற வயதில், சொந்த வீட்டு ஹாலில், ஆடாத அசையாத சிமெண்டுத் தரையில் நின்றபடி, ஒரு படத்தைப் பார்த்து வாந்தி எடுத்தேன். கொய்யாக்காய்க்காரியைப் பார்த்துச் சிரிக்க அன்றைக்கு ஜீப்பில் வந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

படத்தை வரைந்தவர் என் வீட்டுக்காரர். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் டிராயிங் மாஸ்டர் என்றால்தான் தெரியும். அவர் வரைந்த படம் தொங்காத சுவர் எங்கள் பக்கத்தில் குறைவு. பள்ளி ஆண்டு விழாவுக்குத் திரை, தலைவர் பிறந்தநாளுக்குத் தலைவர் முகம், கொசு ஒழிப்புக்குக் கொசு என்று யார் வந்து கேட்டாலும் மறுக்காமல் வரைந்து கொடுப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நிபந்தனைதான். நான் பார்த்து முடிக்காமல் எந்தப் படமும் வீட்டு வாசலைத் தாண்டாது.

இதில் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. என் கண்ணுக்காகத்தான் அந்த ஏற்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு மலைக்குப் போவதை விட்டுவிட்டு, போடியிலேயே ஒரு ஏலக்காய் கிட்டங்கியில், சரக்கு சேர்த்து வைக்கிற கிடங்கில், காய் பொறுக்கச் சேர்ந்தேன். இன்றைக்கு அங்கே பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் மேற்பார்வை நான்தான். மலையிலிருந்து காய்ந்து வருகிற காயைச் சல்லடையில் போட்டுப் பெரிசு சிறிசு பிரித்த பிறகு எங்கள் மேசைக்குக் கொண்டுவருவார்கள். தட்டில் பரப்பி, வெடித்தது, வெளிறியது, சொறி விழுந்தது, உள்ளே அரிசி இல்லாத பொக்கு என்று எல்லாவற்றையும் எடுத்துக் கழிக்க வேண்டும். ஏலத்தில் வாங்குகிறவர் பச்சையைத்தான் முதலில் பார்ப்பார், அதனால் பச்சையில் ஒரு பொட்டு பிசகினாலும் எங்கள் கண்ணில் பட்டாக வேண்டும். நாங்கள் யோசித்து எடுப்பதில்லை. கண் பார்த்த அதே நேரத்தில் கை எடுத்திருக்கும், நடுவில் புத்திக்கு வேலையே கிடையாது.

அந்தக் கண்ணோடுதான் அவருடைய படங்களையும் பார்த்தேன். தலைவருக்கு ஒரு காது இறங்கியிருக்கிறது என்பேன். கொசுவுக்குக் கால் ஒன்று கூடுதல் என்பேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே திருத்துவார். கோபித்துக்கொண்டது கிடையாது. பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களிடம், வீட்டில் எனக்கு ஒரு தணிக்கை அதிகாரி இருக்கிறார் என்று சொல்லுவாராம்.

ஓய்வு பெற்ற புதிதில் மலையை வரைந்தார், மேகத்தை வரைந்தார், மழையில் நனைகிற பஸ் ஸ்டாண்டை வரைந்தார். சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் அவை இன்னும் தொங்குகின்றன. பிறகு ஒருமுறை மதுரையில் ஏதோ ஓவியக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தவர், ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் தச்சரிடம் சொல்லி ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம் செய்து, அதில் கித்தான் துணியை இழுத்து அடித்து ஹால் சுவரில் சாய்த்து வைத்தார். டிவி உள்ளறைக்குப் போனது. மாசக்கணக்கில் வேலை நடந்தது. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது படத்தின்மேல் பழைய வேட்டி ஒன்று தொங்கும். முடியும்வரை பார்க்கக் கூடாது என்று கட்டளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை எடுத்தார். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றேன். அங்கிருந்து பார்க்க முழுக்கப் பச்சைச் சுவர்தான். என்ன இது, பச்சையாய் இருக்கிறது, இதுக்கா இத்தனை மாசம் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"தூரத்துல நின்னு பாக்குற படம் இல்ல இது. ஒரு கை தூரத்துக்கு வா. கிட்ட வந்து முழுசாப் பாரு" என்றார்.

போனேன். கிட்டத்தில் அது ஒரு பச்சை இல்லை. நகம் அளவில் சின்னச் சின்னத் தீற்றல்கள், அடிமுதல் நுனிவரை, இடம் வலமாக, ஒரு விரல் வைக்க இடமில்லாமல். இளம்பச்சை, கரும்பச்சை, மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது என்று எல்லாமே பச்சை, ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. தீற்றலுக்கும் தீற்றலுக்கும் நடுவே மயிரிழை மாதிரிக் கறுப்புக் கோடுகள். கோடுகள் நேராகவும் இல்லை, வளைவாகவும் இல்லை. ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பது நகர்ந்தது. அதைப் பிடிக்கப் போனால் முதலில் பார்த்தது நகர்ந்தது. கண்ணை எங்கேயும் நிறுத்த முடியவில்லை. பிடரியில் வேர்த்தது. வாயில் எச்சில் ஊறியது. காது அடைத்தது. தரை லேசாக இறங்குவது தெரிந்ததும் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்த வைத்தியங்களைச் சொன்னால் தனிப் புத்தகம் ஆகும். முதல் நாள் பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். அடுத்த முறை வெறும் வயிற்றில் பார்த்தேன், அதேதான். சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். எதிர்வீட்டு மதினி வந்து அடுப்படி வாசலில் நின்று படத்தைப் பார்த்துவிட்டு, அது பார்வையை உறிஞ்சுகிற படம், சூடம் சுற்றிப்போட்டு வெளியே வை என்றாள். டாக்டர் பிரஷர் பார்த்தார், சுகர் பார்த்தார், ரெண்டும் நான் பெருமைப்படுகிற அளவில் இருந்தன. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றவே தேவையில்லை என்றார். காது டாக்டரம்மாதான் விளக்கம் கொடுத்தார். நெருக்கமான கோடுகளைக் கிட்டத்தில் பார்த்தால் சிலருக்கு இப்படித் தலை சுற்றுமாம், வியாதி இல்லையாம். அதற்கு மருந்து என்னவென்று கேட்டேன். அந்தப் படத்தைப் பார்க்காதீர்கள் என்றார். இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படித்தார் என்று ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் பொருமினேன்.

வீட்டுக்கு வந்தால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்கு முன்னால் ஸ்டூலில், மூடி திறக்காத ஒரு வெள்ளை பெயிண்ட் டப்பா.

விஷயம் என்னவென்றால், மதுரையில் சில ஓவியர்கள் சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்துவதாக இருந்தார்கள். இவர் செல்போனில் படம் பிடித்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதை எனக்குச் சொன்ன அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். அதுவரை அவர் வரைந்த படங்களுக்குக் கீழே தலைவர் பெயர் இருந்திருக்கிறது, நன்கொடை கொடுத்தவர் பெயர் இருந்திருக்கிறது. அவருடைய பெயர் இருந்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் கிட்டங்கியிலிருந்து மதுரைக்கு மூட்டை ஏற்றிப் போகிற லோடு வண்டியில் படத்தையும் ஏற்றிவிட நானே டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

டப்பாவைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். பூசிவிட்டு இதே துணியில் மேகமலையை வரைந்துவிடலாம், துணி நல்ல துணி என்றார். பேப்பர் படித்துக்கொண்டே சொன்னார்.

"நீ பாக்காத படம் ஒண்ணுகூட இந்த வாசலத் தாண்டுனதில்ல. இத உன்னால பாக்க முடியல. வீட்ல இருக்கறவளுக்கே ஆகாதத ஊரான்கிட்ட கொண்டுபோய் எதுக்குக் காட்டணும்? விடு."

பேப்பர் தலைகீழாக இல்லை. ஆனால் அவர் அதைப் படிக்கவும் இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? அவர் மேகமலையை வரைய மாட்டார். வெள்ளை பூசுவார். பூசிய துணியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு டிவி மறுபடி ஹாலுக்கு வந்துவிடும், ரிமோட்டை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து விடுவார். ஓய்வு பெற்ற பல வாத்தியார்கள் அப்படி உட்கார்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"வண்டி வர்றதுக்குள்ள அந்த டப்பாவத் தொறந்தீங்கன்னா நடக்குறதே வேற. நான் பாத்து முடிக்கிறேன். படத்தத் திருப்புங்க" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. இஞ்சி மிட்டாய் வாயில் போட்டுப் பார்த்தேன். ஏலக்காய் மென்றுகொண்டே பார்த்தேன், ஏலக்காய்க்கு என்மேல் கொஞ்சமாவது நன்றி இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவர் நீல வாளி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நிற்பார், வேண்டாம் போதும் என்று சொல்லிக்கொண்டே. அவர் சொல்லச் சொல்ல எனக்கு வீம்பு ஏறியது. ஆனால் படத்தில் கால் பாகம் தாண்டுவதற்குள் பிடரி வேர்த்துவிடும், காது அடைத்துவிடும், வாளி முகத்துக்கு நேரே வந்துவிடும். உடம்பு நான் சொல்வதைக் கேட்கவே இல்லை. என் உடம்பு என் சொல்லைத் தட்டுவது எனக்குப் புதிது, அந்த அவமானம் தலைச்சுற்றலைவிட மோசமாக இருந்தது.

கிட்டங்கியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரி விசாரித்தாள். சிலமலையிலிருந்து வருகிறவள், எனக்கு ரொம்ப நாள் சிநேகிதி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்கா இந்தப் பாடு என்றாள்.

"பாத்துட்டேன், நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக்கா. மனுசனும் சந்தோசமா இருப்பாரு, உன் கொடலும் உள்ளயே இருக்கும்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே மேசையில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் செய்வது? எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது தட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கழிக்க ஒண்ணும் இல்லக்கா என்று நீட்டுவாள். மேசையே சிரிக்கும். கழிக்க ஒன்றும் இல்லாத தட்டு இந்தப் பூமியில் கிடையாது. எவ்வளவு நல்ல தோட்டத்துக் காயாக இருந்தாலும் நாலு பொக்காவது இருக்கும். "திரும்பப் பாரு" என்று சொல்லித் தட்டை அவளிடமே தள்ளிவிடுவோம். நான் எத்தனையோ பேரிடம் தள்ளியிருக்கிறேன். வீட்டில் இந்தக் கதையை அவரிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அப்படி இருக்க, பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று அந்த மனுஷனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

புதன்கிழமை சாயங்காலம்தான் விஷயம் பிடிபட்டது. கண்டுபிடித்தது நான் இல்லை. வழக்கம்போல நான் படத்தின் முன்னால் நின்றிருந்தேன். அவர் வாளியோடு நிற்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி, எனக்குப் பக்கவாட்டில் நின்றிருக்கிறார்.

"இந்தா, உன் கையப் பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை இடுப்பு உயரத்தில் தன்னாலே ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ எடுத்து, எடுத்து, ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தன. நான் பார்க்கும்போதே இன்னும் ரெண்டு எடுத்தன.

"எம் படத்தப் பொறுக்கிக்கிட்டு இருக்க நீ" என்றார். அவருக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படியென்றால் இத்தனை நாள் நான் பார்த்தது படத்தை இல்லை, தட்டை. பச்சையைக் கண்டதும் கண் வேலைக்கு இறங்கிவிட்டது. இது வெளிறியது, எடு. இது சொறி, எடு. இது சாம்பல், எடு. தட்டில் என்றால் எடுத்ததும் அது போய்விடும், கண் அடுத்ததற்கு நகரும். இங்கே எடுத்தது எடுத்த இடத்திலேயே இருந்தது. ஒன்றைப் போல் ஒன்று இல்லாததால் எல்லாமே கழிவாகத் தெரிந்தது, கழிக்கத்தான் முடியவில்லை. போதாததற்கு, தட்டில் நாங்கள் நடுவில் ஒரு சந்து விட்டுத்தான் பொறுக்குவோம். பார்க்காத காய் இந்தப் பக்கம், பார்த்த காய் அந்தப் பக்கம், நடுவில் வெறும் தட்டு தெரியும். களைத்த கண் அங்கே வந்து நின்றுவிட்டுப் போகும். இவருடைய படத்தில் அந்தச் சந்துகூட இல்லை. மூச்சு முட்டத்தானே செய்யும்?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ரொம்ப கவனமாகக் கேட்டார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைப் பட்டை விட்டுவிடட்டுமா, ரெண்டு விரல் அகலம் போதும், உன் கண் வந்து நிற்க இடம் கிடைக்கும் என்றார். அதற்கென்றே வாங்கியதுபோல வெள்ளை டப்பா ஸ்டூலில் இருந்தது.

என் உடம்பு முழுக்க, சரி என்று சொல்லத் துடித்தது. அந்த வெள்ளைப் பட்டையை நினைத்தாலே பிடரி குளிர்ந்தது. ஆனால் அவர் அந்த நடுப்பகுதியைப் பார்த்த பார்வையையும் நான் பார்த்தேன். கொடுக்க மனம் இல்லாத ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்கிற முகம்.

"ஒரு பொட்டு வெள்ள படக் கூடாது. பொறுக்குறவளுக்காகக் காய் மாறுமா? நான்தான் மாத்திக்கணும். கைதானே சோலியக் கெடுக்குது, கைய என்ன பண்றதுன்னு நான் பாத்துக்கிறேன்."

சொல்வது சுலபம். வியாழக்கிழமை ரெண்டு தடவையும் கையைப் பார்த்துக்கொண்டே படத்தைப் பார்த்தேன், ரெண்டையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. முந்தானையைச் சுருட்டிக் கையில் கொடுத்துப் பார்த்தேன். விரல் முந்தானையைப் பொறுக்க ஆரம்பித்தது. வாளிக்கு வேலை வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் லோடு வண்டி சொன்னதற்கு முன்பே வந்துவிட்டது. மூட்டையெல்லாம் ஏற்றியாகிவிட்டது, மதுரையில் இறக்க நேரமாகும், வெரசா ஏத்துங்கக்கா என்று டிரைவர் வாசலில் நின்று சொன்னான். நான் குளித்து முடித்து ஈரத் தலையோடு ஹாலுக்கு வந்தேன். அவர் டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்து வைத்திருந்தார். பட்டையான பிரஷ்ஷும் பக்கத்தில் இருந்தது. படம் இல்லாமலே வண்டியை அனுப்பிவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

நான் போய்ப் படத்தின் முன்னால் ஒரு கை தூரத்தில் நின்றேன். வாளியைக் காலாலேயே பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். இன்றைக்கு என்ன ஆனாலும் நான்கு மூலையையும் பார்க்காமல் நகர்வதில்லை, இது நிச்சயம். நின்ற உடனே விரல்கள் தொடங்கிவிட்டன.

அப்போதுதான் அவர் பின்னாலிருந்து, பாதி வாத்தியார் குரலில், "கையக் கட்டிக்கிட்டுப் பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த வாக்கியம் அது. வகுப்பில் எந்தப் படத்தைக் காட்டினாலும், பிள்ளைகள் ஓடி வந்து தொட்டுவிடக் கூடாதென்று முதலில் எல்லோரையும் கையைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் காட்டுவார். அவரிடம் படித்த பிள்ளைகள் பெரியவர்களாகி ரோட்டில் பார்க்கும்போதுகூட விளையாட்டாகக் கையைக் கட்டிக் காட்டுவார்கள். நானும் கட்டினேன். ஈர முடி முதுகை நனைக்க, சின்னப் பிள்ளை மாதிரி, விரல்களை அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

மேல் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தேன். கண் பொறுக்கியது. கட்டிய கைக்குள் விரல் துடித்தது, விடவில்லை. கண் அடுத்ததைக் காட்டியது, விரல் மறுபடி துடித்தது. பிடரி வேர்த்தது. அது வேர்க்கட்டும். காது அடைத்தது. அடைக்கட்டும். வாசலில் ஹாரன் அடித்தான். தரை இறங்கியபோது காலை அகட்டி வைத்தேன், ஜீப்பில் வளைவுக்கு வைப்பதுபோல. அப்படி வைத்ததும்தான் எனக்கே ஞாபகம் வந்தது, அந்தக் காலத்தில் எனக்கு வாந்தி வராததன் ரகசியம் ஒன்றுமில்லை, வண்டி சாய்ந்தால் நானும் சாய்வேன், அவ்வளவுதான். வண்டியோடு மல்லுக்கு நின்றவர்களுக்குத்தான் வயிறு புரண்டது.

சாய விட்டேன். கோடு இழுத்த பக்கம் கண்ணைப் போக விட்டேன். கண் இன்னும் கொஞ்ச நேரம் கழிவைக் காட்டிப் பார்த்தது. எடுக்கக் கை வராததைக் கண்டு அதுவும் அலுத்துப் போனது. எப்போது நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது. வெளிறியது வெளிறியதாகவே இருந்தது, ஆனால் அது கெட்டது இல்லை. சாம்பல் அதன் பக்கத்துப் பச்சையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒன்று நகர்ந்ததும் பக்கத்தில் இருப்பது நகர்ந்தது தப்பு இல்லை, எல்லாம் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துக்கொண்டிருந்தன. படம் நிற்கவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது, நான் அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். இப்படி ஒன்றைச் செய்யவா இந்த மனுஷன் மாசக்கணக்கில் பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேல் வலது மூலை. நடுப்பகுதி. கீழே இடது. வயிறு தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழ் வலது மூலைக்குப் போனேன். அங்கே கடைசித் தீற்றலுக்கு அடியில் அவர் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தார். அதையும் படித்தேன். படித்து முடித்துவிட்டு, கட்டிய கையை அவிழ்த்து, வாளியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒழுங்காக வாந்தி எடுத்தேன்.

அவர் தண்ணீர் கொண்டுவந்தார். போதும் என்று நான் சொல்லப்போவதாக நினைத்துக்கொண்டு, திறந்த டப்பாவைப் பார்த்தபடி நின்றார். நான் வாய் கொப்பளித்தேன், முந்தானையால் துடைத்தேன், ஈர முடியைக் கொண்டையாகச் சுருட்டினேன். வாழ்க்கையில் நான் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொன்னேன்.

"கழிக்க ஒண்ணும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் மேசையின் வழக்கம் அவருக்குத் தெரியும். கண் நிறைந்துவிட்டது, மறைக்க நேரமில்லை. அப்புறம் எங்கள் மேசைக்காரிகள் சொல்லுகிற அதே தொனியில் சொல்ல முயன்றார், குரல் பாதியில் உடைந்தது.

"திரும்பப் பாரு."

வாசலில் மறுபடி ஹாரன் அடித்தான். வண்டியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள், அந்த டப்பாவை மூடி வெளியே வைத்துவிட்டு வாருங்கள், ரெண்டு பேருமாய்த் தூக்கி ஏற்றலாம் என்றேன். சொல்லிவிட்டு வாளியைத் தள்ளி வைத்தேன். கையைக் கட்டினேன். மேல் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தேன்.